மங்க் கையில கம்பு எதுக்கு?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல மங்க் கேரக்டர் ஆடியிருக்கீங்களா? அப்போ ஒரு கேள்வி. அஞ்சாவது லெவலுக்கு அப்புறம் கம்பை எத்தனை தடவை கையில எடுத்தீங்க?

2024 ரூல்புக்ல, முதல் லெவல் மங்க்கோட வெறுங்கை அடி டி6. குவார்ட்டர்ஸ்டாஃப்னு சொல்ற கம்பை ரெண்டு கையால பிடிச்சா டி8. சரி, கம்புக்கு ஒரு மரியாதை இருக்கு. அஞ்சாவது லெவல்ல கையும் டி8 ஆயிடும். 17-ல டி12. அதே டைஸை ஆயுதத்துக்கும் உருட்டலாம்னு ரூல் சொல்லுது. கேட்க தாராளமாத்தான் இருக்கு. ஆனா அப்புறம் கம்பு, டேகர், முஷ்டி எல்லாம் ஒரே அடி. ஆயுதம் வெறும் மேக்கப்.

2014 புத்தகம் இதை வெளிப்படையாவே செஞ்சது. நுன்சாக்கு வேணுமா? உருட்டுக்கட்டையோட கணக்கை எடுத்து, பேரை மட்டும் மாத்திக்கோங்க. சங்கிலியில சுத்துற ஆயுதமும் உருட்டுக்கட்டையும் ஒண்ணாங்க?

2003-ல வந்த 3.5 எடிஷன்ல, எதிரியோட ஆயுதத்தைத் தட்டிவிட சாய்க்கு +4, நுன்சாக்குக்கு +2. காமா வெச்சு காலை வாரலாம். இதையெல்லாம் 'எக்ஸாட்டிக்' ஆயுதம்னு பிரிச்சது எனக்குப் பிடிக்கல (ஒகினாவாக்காரருக்கு இதுல என்ன எக்ஸாட்டிக்?). ஆனா எதை எடுத்தா எப்படிச் சண்டை போடுவோம்னு அந்த ரூலுக்குத் தெரிஞ்சிருந்தது.

எனக்கு நிஜமா கடுப்பானது 2024-ல வந்த வெப்பன் மாஸ்டரி. கம்புக்கு 'டாப்பிள்' உண்டு: அடி வாங்கினவன் கான்ஸ்டிட்யூஷன் சேவ்ல தோத்தா தரையில விழுவான். அருமை! ஆனா ஃபைட்டர், பார்பேரியன், பாலடின், ரேஞ்சர், ரோக் அஞ்சு பேருக்கும் மாஸ்டரி உண்டு, மங்க்குக்கு மட்டும் கிடையாது. மடத்துல வருஷக்கணக்கா கம்பு சுத்தினவனுக்குத் தெரியாத வித்தை, பிக்பாக்கெட் அடிக்கிற ரோக்குக்குத் தெரியுமாம்.

'மங்க்குக்குத்தான் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் இருக்கே'ன்னு சொல்வீங்க. இருக்கு. ஆனா அது முஷ்டியாலயும் நடக்கும், கம்பு எடுக்க அது காரணம் ஆகாது. ஃபீட் எடுத்தா ஒரு மாஸ்டரி வாங்கலாம். அதுக்கும் நாலாவது லெவல் வரைக்கும் காத்திருக்கணும்.

அதனால அடுத்த செஷனுக்கு முன்னாடி உங்க டிஎம்கிட்ட கேளுங்க: முதல் லெவல்லயே மங்க்குக்கு ஒரே ஒரு ஆயுதத்தோட மாஸ்டரி. பேலன்ஸ் போயிடும்னு இழுத்தா, ரோக்குக்கு முதல் லெவல்லயே ரெண்டு கிடைக்குதேன்னு பக்கத்தைத் திறந்து காட்டுங்க.