சாவடியில் ஒரு நோட்டுப் புத்தகம்



ஃபேரர் பார்க் எம்ஆர்டியில் அட்டையைத் தட்டிவிட்டுப் போகிறீர்கள். எங்கே, ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

கொழும்பில் 2007 ஜூன் 7 விடியற்காலை கேட்டார்கள். விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் போலீசார் பேருந்துகளில் ஏற்றி நகரைவிட்டே அனுப்பினார்கள். பலரை வவுனியாவில் இறக்கினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பிரதமரே வருத்தம் தெரிவித்தார்.

தலைநகரில் நடந்ததால் செய்தியாயிற்று. ஓமந்தைச் சாவடியில் இறங்கி மூட்டையைப் பிரித்துக் காட்டிய ஆயிரக்கணக்கானோரை யார் பார்த்தார்கள்?

பார்ப்பதையே வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. 2001இல் இஸ்ரேலியப் பெண்கள் சிலர் 'மக்சோம் வாட்ச்' தொடங்கினார்கள். மேற்குக் கரையில் தம் நாட்டு ராணுவத்தின் சாவடிகளில் போய் நின்றார்கள். பாலஸ்தீனர்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதி வெளியிட்டார்கள். ஆயுதமில்லை, அதிகாரமுமில்லை. (சொந்த ஊரில் அவர்களுக்கு நல்ல பெயரும் இல்லை.)

வழக்கறிஞராகச் சொல்கிறேன்: "அவமானப்படுத்தினார்கள்" என்ற ஒரு வரியால் வழக்கு நிற்காது. தேதி வேண்டும், மணி வேண்டும், இடம் வேண்டும்.

உங்கள் உறவிலோ வேலையிடத்திலோ ஓமந்தையைக் கடந்தவர் இருந்தால், இந்த ஞாயிறு உட்காரவைத்துக் கேளுங்கள். எந்த வருடம், எத்தனை மணி நேரம், கையில் என்ன பாஸ் இருந்தது? அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.