ஏமாந்தவளா குற்றவாளி?

தரங்கம்பாடிப் பக்கம் நடவு நட்டே முதுகு வளைந்த தாய்மாருக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. "பேங்கிலிருந்து பேசுகிறேன், வந்த நம்பரைச் சொல்லு" என்று ஒருவன் அதட்டினால் அதுவும் போய்விடுகிறது. அதிகாரக் குரலுக்கு நடுங்கும்படி மிராசுதார்கள் இம்மக்களைத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கியிருக்கிறார்கள். மோசடிக்காரன் அந்தப் பயத்தைத்தான் அறுவடை செய்கிறான்.

ரகசிய எண்ணைச் சொல்லி ஏமாந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் முழுவதும் வாடிக்கையாளர் தலையில் என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. எழுத்தறியாதவர் கையில் கருவியைத் திணித்தவர்களுக்குப் பொறுப்பில்லையாம்! 1715-லேயே தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறிய ஊர் இது. வங்கியின் எச்சரிக்கையோ பெரும்பாலும் இங்கிலீஷில் வருகிறது.

சங்கக் கிளைகள் இந்த வேலையை எடுக்க வேண்டும். நோட்டீஸ் போதாது. தோழர் ஒருவரே பேங்க் மானேஜர் மாதிரி போனில் அதட்டிப் பார்க்கட்டும். "நேரே பேங்குக்கே வர்றேன்" என்று சொல்லிப் போனை வைக்கப் பாட்டி பழகட்டும். 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் எதுவுமே இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். திருடன் எடுப்பதற்குள் புகார் போனால் பணத்தை முடக்க வழியுண்டு. ஆனால் மகன் திட்டுவானே என்று பலர் நாட்கணக்கில் மறைக்கிறார்கள். திருப்பூர் மில்களில் வேலைபார்க்கும் தோழர்களே, இன்றிரவு அம்மாவுக்குப் போன் போட்டு, திட்டமாட்டேன் என்று முதலில் சொல்லுங்கள்.