ஆலோசனை அறை யாருக்காக?

தமிழ்நாட்டு வீடுகளில் ‘கவுன்சலிங்’ என்றால் பொறியியல் சேர்க்கைதான் நினைவுக்கு வரும். தரவரிசை எண், கட்-ஆஃப், எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று குடும்பமே கூடி அலசும். அது முடிந்து, விடுதியில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பெற்றோர் ஊர் திரும்பிய பிறகு, தூக்கம் வராமல், வகுப்புக்குப் போக மனமில்லாமல், சாப்பாடு இறங்காமல் தவிக்கும் மாணவருக்குத் தேவைப்படும் இன்னொரு கவுன்சலிங்கைப் பற்றி எவரும் பேசுவதில்லை. எங்கே போவது, யாரைக் கேட்பது, போனால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாது. தெரியப்படுத்த வேண்டியவர்களும் அதைத் தங்கள் கடமையாகக் கருதுவதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2013இல் தற்கொலையால் நாம் இழந்த மாணவர்கள் 8,423 பேர். 2023இல் 13,892 பேர். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது தமிழ்நாடு. இத்தகைய மரணம் எதற்கும் ஒற்றைக் காரணம் கிடையாது. அரியர், கல்விக் கடன், சாதி இழிவு, தனிமை, கண்டறியப்படாத மனச்சோர்வு எனப் பலவும் அதில் பின்னிக் கிடக்கும். ஆனால், உரிய நேரத்தில் உதவி கிடைத்தால் பல உயிர்களைக் காக்க முடியும் என்பதில் ஐயம் இல்லை.

உச்ச நீதிமன்றம் இதை உணர்ந்திருக்கிறது. டெல்லி ஐஐடி மாணவர்கள் இருவரின் மரணம் தொடர்பான வழக்கில், ஓய்வுபெற்ற நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை 2025 மார்ச்சில் அது அமைத்தது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த மாணவியின் மரணம் குறித்த வழக்கில், அதே ஆண்டு ஜூலையில் 15 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 100 மாணவர்களுக்குக் குறையாத கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும்; உதவி எண்கள் விடுதியிலும் வகுப்பறையிலும் தெளிவாகத் தெரியும்படி வைக்கப்பட வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். உரிய சட்டம் இயற்றப்படும்வரை இவை கட்டுப்படுத்தும் தன்மை கொண்டவை.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால், பல கல்லூரிகளில் ஆலோசனை மையம் என்பது கல்லூரித் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ குழு வரும்போது தூசு தட்டப்படும் ஒரு கோப்பு. ஏற்கெனவே வகுப்பு, விடைத்தாள், சேர்க்கைப் பணி என்று திணறும் உதவிப் பேராசிரியர் ஒருவரின் தலையில் ‘கூடுதல் பொறுப்பாக’ அது சுமத்தப்படுகிறது. அறை, முதல்வர் அலுவலகத்தின் பார்வையிலேயே இருக்கும். வகுப்பு நேரத்தில் மட்டுமே திறந்திருக்கும். அங்கே போக வேண்டுமானால் வகுப்பாசிரியரிடம் காரணம் சொல்லி அனுமதி பெற வேண்டும். உள்ளே அமர்ந்திருப்பவரோ, இன்டர்னல் மதிப்பெண் போடுபவர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவரிடம் மனம் திறக்க எந்த மாணவருக்குத் துணிவு வரும்?

பேசியது வெளியே போகாது என்ற நம்பிக்கைதான் இந்தச் சேவையின் உயிர். அந்த நம்பிக்கையைக் குலைக்கும் செயல்களே நிர்வாகங்களில் வழக்கமாகிவிட்டன. மாணவர் வாய் திறந்த மறுநாள் பெற்றோரை வரவழைப்பது, விடுதிக் காப்பாளரிடம் சொல்லிக் ‘கண்காணிக்க’ வைப்பது, ‘எங்களால் பொறுப்பேற்க முடியாது’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது ஆகியவற்றுக்கு அக்கறை என்று பெயர் சூட்டப்படுகிறது. இது அக்கறை அல்ல; பழி தம்மீது விழாமல் பார்த்துக்கொள்ளும் தற்காப்பு. மனநலச் சிகிச்சை பெறுவோரின் தகவல்களைக் காக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழங்குகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. கல்லூரி ஆலோசனை அறை அதைவிடத் தாழ்ந்த நெறியைப் பின்பற்றலாகாது.

‘ஆலோசனை’ என்ற சொல்லும் நம்மைக் குழப்பிவிட்டது. அதை அறிவுரை என்று புரிந்துகொண்டவர்கள், ‘உன் வயதில் நாங்கள் படாத கஷ்டமா?’ என்று தொடங்குகிறார்கள். முறையாகப் பயின்ற ஆலோசகர் முதலில் கேட்பார். தூக்கம், பசி, படிப்பு, வீடு, நட்பு பற்றி விசாரிப்பார். எது ரகசியம், எது விலக்கு என்று முன்பே சொல்லிவிடுவார். அவர் மருந்து எழுத மாட்டார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. அவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாம். இந்த எளிய செய்திகளை முதலாண்டு வரவேற்பு நாளிலேயே ஒவ்வொரு மாணவருக்கும் சொல்வதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

மனநல மருத்துவமனை இருப்பதாலேயே கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரைக்கூடக் கேலிச் சொல்லாக்கிய சமூகம் இது. உதவி கேட்பவரைப் ‘பைத்தியம்’ என்று முத்திரை குத்தும் பழக்கத்துக்குப் பெற்றோரும் ஆசிரியர்களும் சக மாணவர்களும் பொறுப்பு. மாணவர்களே தயக்கத்தை உடைக்க வேண்டும் என்று மேடைகளில் பேசுவது எளிது. தயங்குபவர்மீதே பாரத்தை ஏற்றுவது நியாயமல்ல. கல்லூரியில் வழி இல்லாதபோது, 14416 என்ற மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணிலும், 104 என்ற மாநில அரசின் எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்; 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பின் 044-24640050 என்ற எண்ணையும் அழைக்கலாம். ஆனால், இவை கல்லூரிகள் கைகழுவிக்கொள்வதற்கான சாக்கு ஆகிவிடக் கூடாது.

அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நாம் வலியுறுத்துவது இதுதான். ஐயாயிரம் மாணவர்கள் படிக்கும் கல்லூரியில் ஒரே ஒருவரை நியமித்துவிட்டு விதியை நிறைவேற்றிவிட்டதாகக் கணக்குக் காட்டுவதை ஏற்கக் கூடாது. மதிப்பெண் போடும் அதிகாரம் இல்லாத, முழுநேர, தகுதியுள்ள ஆலோசகர்களை மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப நியமிப்பதை இணைப்பு வழங்குவதற்கான நிபந்தனையாக்க வேண்டும். எந்தக் கல்லூரியில் எத்தனை ஆலோசகர்கள், எந்த நேரத்தில் இருக்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் பொதுவில் வெளியிட வேண்டும்.

ஆய்வகம் இல்லாத கல்லூரிக்கு அனுமதி மறுக்கிறோம். பயிற்சி பெற்ற ஆலோசகர் இல்லாத கல்லூரியை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்? ஒவ்வொரு கல்லூரி முதல்வரும் முன்னறிவிப்பின்றி ஒரு மாலையில் தமது நிறுவனத்தின் ஆலோசனை அறைவரை நடந்துபோய்ப் பார்க்கட்டும். அது பூட்டியிருந்தால், மாணவர் ஏன் வரவில்லை என்று கேட்கும் தகுதி அவருக்கு இல்லை.