கான்வகேஷனுக்கு வர்ற அப்பா அம்மாவை மாலுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க

போன வாரம் எங்க டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் ஒரு கேள்வி போட்டிருந்தான். "கான்வகேஷனுக்கு அப்பா அம்மா ஊர்ல இருந்து வர்றாங்க. மறுநாள் முழுக்க ஃப்ரீ. சென்னையில எங்கடா கூட்டிட்டுப் போறது?"

பத்து நிமிஷத்துல இருபது பதில். பாதிக்கு மேல ஏதாவது ஒரு மால் பேரு. மீதிப் பேர் "பீச்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. ஒருத்தன் மட்டும் "மச்சான், சென்னையில பார்க்க ஒன்னுமே இல்ல, பேசாம மகாபலிபுரம் போயிடு"ன்னு போட்டான். அதுக்குத்தான் லைக் அதிகம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியா இருந்தா நானும் அதுக்கு லைக் போட்டிருப்பேன். இப்ப முடியல. காரணம் எங்க பெரியப்பா.

நான் செகண்ட் இயர் படிக்கும்போது கண் டெஸ்ட்டுக்காக பெரியப்பா சென்னைக்கு வந்தார். ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். அறுபத்தி மூணு வயசு, முதல் தடவையா சென்னை. டெஸ்ட் வெள்ளிக்கிழமையோட முடிஞ்சது. சனிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட். நடுவுல ஒரு முழுப் பகல். "ஏல, மெட்ராஸ்ல என்னல பாக்கலாம்?"னு கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காம, "இங்க பார்க்க ஒன்னும் இல்ல பெரியப்பா, வெயில் வேற. ஏசி மால் இருக்கு, வாங்க"ன்னு கூட்டிட்டுப் போயிட்டேன்.

எஸ்கலேட்டர்ல கால் வைக்கப் பயந்து லிஃப்ட்ல வந்தார். டீ விலையைப் பார்த்துட்டு வேண்டாம்னுட்டார். ஒரு பெஞ்ச்ல உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் போற வர்றவங்களைப் பார்த்துட்டு இருந்தார். நான் போனை நோண்டிட்டு இருந்தேன். அப்புறம், ரயிலை விட்டுடுவோமோன்னு பயந்து, மூணு மணிக்கே எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போகணும்னு சொல்லிட்டார். அஞ்சு மணி நேரத்துக்கு மேல பிளாட்ஃபார்ம்ல உட்கார்ந்திருந்தோம். ரயில் கிளம்பறதுக்கு முன்னாடி ஜன்னல் வழியா ஒரே ஒரு கேள்வி: "இங்க பெரிய கடல் இருக்குன்னு சொன்னாவளே, அது ரொம்பத் தூரமால?"

ஏழு மாசம் கழிச்சு, சிம்போசியம் வேலையா எழும்பூர் பக்கம் போனப்ப நேரம் இருந்துச்சு, பக்கத்துல இருந்த அரசு மியூசியத்துக்குள்ள நுழைஞ்சேன். ஒரு கண்ணாடிப் பெட்டி மேல "ஆதிச்சநல்லூர்"னு எழுதியிருந்தது. எருமை, சேவல் உருவம் வச்ச வெண்கலச் சாமான்கள், இரும்பு ஆயுதங்கள். அலெக்ஸாண்டர் ரீ 1899-ல இருந்து 1905 வரைக்கும் தோண்டி எடுத்தது. பெரியப்பா வீட்டுல இருந்து சைக்கிள்ல போற தூரத்துல இருக்கு ஆதிச்சநல்லூர் பறம்பு. சின்ன வயசுல அங்க ஆடு மேய்ச்ச கதையை எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கார். அந்த மண்ணுக்குள்ள கிடந்தது எல்லாம் எழும்பூர் ஸ்டேஷன்ல இருந்து நடந்து போற தூரத்துல இருந்திருக்கு. நாங்க பிளாட்ஃபார்ம்ல கொட்டாவி விட்டுட்டு இருந்திருக்கோம்.

அங்கிருந்தே போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அதையா அங்க கொண்டுபோய் வச்சிருக்காவ? நான் இப்ப முட்டுவலியோட எங்கல வர"ன்னார். கோபமா சொல்லல. அதான் இன்னும் கஷ்டமா இருந்தது.

இதுக்கு அப்புறம் "சென்னையில பார்க்க ஒன்னும் இல்ல"ங்கிற டயலாக்கைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருது. அதே சமயம், நாம ஏன் அப்படிச் சொல்றோம்னும் யோசிச்சுப் பார்த்தேன். ஊட்டிக்குப் போனா மலை தானாத் தெரியும். தஞ்சாவூருக்குப் போனா கோபுரம் தானாத் தெரியும். சென்னை அப்படி இல்ல. இது வேலைக்காக வளர்ந்த ஊர். கோட்டை, துறைமுகம், கோர்ட், ஆபீஸ். இங்க பார்க்க வேண்டிய கட்டடத்துல பாதி இன்னும் வேலை செஞ்சுட்டு இருக்கு. 1640-ல ஆரம்பிச்ச ஜார்ஜ் கோட்டைக்குள்ளதான் இன்னைக்கும் தலைமைச் செயலகம் நடக்குது. ஹைகோர்ட் கோபுரத்து மேல 1894-ல இருந்து 1977 வரைக்கும் கலங்கரை விளக்கம் எரிஞ்சிருக்கு. கீழே வக்கீல்கள் வாதாட, மேல கப்பலுக்கு வெளிச்சம். இதை யாராவது சொன்னாத்தான் தெரியும். சொல்லாட்டி அது ஒரு சிவப்புக் கட்டடம், அவ்வளவுதான்.

என் கருத்து இதுதான்: சென்னையைச் சுத்திப் பார்க்க, கூட வந்து கதை சொல்ற ஒரு ஆள் வேணும். ஊர்ல இருந்து வர்ற நம்ம வீட்டுக்காரங்களுக்கு அந்த ஆள் நாமதான். நாலு வருஷம் இங்க இருந்துட்டு நமக்கே கதை தெரியலைன்னா, தப்பு ஊர் மேல இல்ல.

அதுவும் நாம இன்ஜினியரிங் படிச்சவங்க. சொல்றதுக்கு நம்மகிட்ட இன்னும் அதிகமாவே இருக்கு. மெரினாவையே எடுத்துக்கோங்க. இவ்வளவு அகலமான மணல் ஆதியில இருந்து இப்படியே இருந்ததில்ல. நம்ம கடற்கரையில மணல் வருஷத்துல பெரும்பாலான நாள் தெற்குல இருந்து வடக்கா நகரும். 1870-களில் துறைமுகத்துக்குக் கடலுக்குள்ள சுவர் கட்ட ஆரம்பிச்சதும், அந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்க ஆரம்பிச்சது. அப்படிச் சேர்ந்ததுதான் மெரினா. வடக்கே போக வேண்டிய மணல் போகாம, ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையை அரிச்சது. அங்க கடலோரமா பாறாங்கல்லைக் கொட்டி வச்சிருக்கிறது அதுக்காகத்தான். நாம பஜ்ஜி சாப்பிடுற மணலுக்கு வடசென்னை விலை கொடுத்திருக்கு. சிவில் பசங்க இதைப் பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வியா படிச்சுட்டு, அதே மணல்ல செல்ஃபி எடுத்துட்டு வந்துடறாங்க.

ஐஸ் ஹவுஸ் இன்னொன்னு. இப்ப அது விவேகானந்தர் இல்லம். 1897-ல அவர் அங்க தங்கினார். அதுக்கு முன்னாடி அது நிஜமாவே ஐஸ் குடோன். அமெரிக்காவுல ஏரியில உறைஞ்ச ஐஸை வெட்டி, மரத்தூள்ல பொதிஞ்சு, கப்பல்ல மாசக்கணக்கா கொண்டுவந்து இங்க இறக்கியிருக்காங்க. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல! ஹீட் டிரான்ஸ்ஃபர்ல அரியர் வச்சவனுக்குக் கூட இது புரியும். பரங்கிமலைக்கு மெட்ரோவே போகுது. 1802-ல லாம்ப்டன் அந்தப் பக்கத்துல ஒரு நேர்கோட்டை அளந்துதான் இந்தியாவோட மாபெரும் முக்கோணவியல் நில அளவையை ஆரம்பிச்சார். சர்வே லேப்ல தியோடலைட்டைத் தூக்கிட்டு வெயில்ல அலைஞ்சதைத் திட்டினோமே, அந்தக் கதை இங்க தொடங்கினது.

"அப்பா அம்மாவுக்கு இதெல்லாம் எதுக்குடா, அவங்களுக்கு ஏசிதான் பிடிக்கும்"னு சிலர் சொல்லுவீங்க. இருக்கலாம். கேட்டுப் பாருங்க. மால்தான் வேணும்னு அவங்களே சொன்னா தாராளமா கூட்டிட்டுப் போங்க. நான் பெரியப்பாகிட்ட கேட்கவே இல்ல, நானே முடிவு பண்ணிட்டேன். என் தப்பு அதுதான்.

இன்னொரு நியாயமான கேள்வி: வெயில், ஆட்டோ பேரம், டாய்லெட். உண்மை. வயசான ஒருத்தரைக் கூட்டிட்டு இந்த ஊர்ல நடக்கிறது சுலபம் இல்ல. நிழல் இல்ல, உட்கார இடம் இல்ல, நல்ல டாய்லெட் தேடணும். பல இடத்துல என்ன பார்க்கிறோம்னு சொல்ற ஒரு ஒழுங்கான பலகை கூட இல்ல. இதையெல்லாம் சரி பண்ணச் சொல்லி நாம கேட்கணும். ஆனா அதுக்காகக் காத்திருந்தா அப்பா அம்மாவுக்கு வயசாகிடும். அதனால நேரத்தைப் பார்த்துப் போடுங்க.

காலையில மியூசியம். வெள்ளிக்கிழமை லீவு, அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. 1851-ல ஆரம்பிச்ச இடம், கட்டடம் நிறைய, எல்லாத்தையும் பார்க்க நினைக்காதீங்க. வெண்கலச் சிலைகள், அமராவதி சிற்பங்கள், அப்புறம் உங்க மாவட்டத்துல இருந்து வந்தது ஏதாவது இருக்கான்னு தேடுங்க. ஊர்ப் பேரைப் பார்த்ததும் அவங்க முகம் மாறும் பாருங்க. மதியம் சாப்பிட்டுட்டு ரூம்ல தூங்கட்டும். நாலரை மணிக்கு மேல பஸ் ஏறி மெரினா. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல அம்மாவுக்கு டிக்கெட் காசு கிடையாது. அதுவே அவங்களுக்கு ஒரு சந்தோஷம்.

மெரினாவுல உழைப்பாளர் சிலைகிட்ட இறங்குங்க. நாலு பேர் சேர்ந்து ஒரு பாறையை நெம்புற சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது, 1959-ல வச்சாங்க. இந்தியாவுல முதல் மே தினத்தை 1923-ல சிங்காரவேலர் கொண்டாடினதும் இந்த ஊர்க் கடற்கரையிலதான். அவரும் மீனவர் குடும்பத்துல பிறந்தவர். நம்மள்ல நிறையப் பேரோட அப்பா அம்மா கை காய்ச்சுப் போய்த்தான் நாம கோட் போட்டுப் பட்டம் வாங்கப் போறோம். அந்தச் சிலைக்குக் கீழ அவங்களை நிக்க வச்சு ஒரு போட்டோ எடுங்க. காலேஜ் வாசல்ல எடுக்கிற போட்டோவுக்கு அது எந்த விதத்திலயும் குறைஞ்சது இல்ல.

அங்கிருந்து தெற்கே நடந்தா ஐஸ் ஹவுஸ். இன்னும் தெற்கே போனா கலங்கரை விளக்கம். அதைத் தாண்டினா நொச்சிக்குப்பம். அங்க இருக்கிறவங்களைப் பேக்ரவுண்டா வச்சு ரீல்ஸ் எடுக்காதீங்க. அது அவங்க வீட்டு வாசல், அவங்க வேலை பார்க்கிற இடம். மீன் வேணும்னா வாங்குங்க, பேசணும்னா பேசுங்க. கடைசியா ஒன்னு, மெரினாவுல கால் நனைக்கிறதோட நிறுத்திக்கோங்க. இழுவை அதிகம். ஊர்க் குளத்துல நீச்சல் தெரிஞ்ச தைரியத்துல அப்பா இறங்கப் பார்ப்பார், கையைப் பிடிச்சுக்கோங்க.

கான்வகேஷனுக்கு இன்னும் சில ஞாயிற்றுக்கிழமை இருக்கு. ஒரு நாள் நீங்க மட்டும் போய் இந்த வழியில நடந்து பார்த்துட்டு வாங்க. எங்க நிழல் இருக்கு, எங்க டாய்லெட் இருக்கு, எங்க நல்ல காபி கிடைக்கும்னு குறிச்சு வச்சுக்கோங்க. நம்மள்ல பாதிப் பேர் வேலைக்காக பெங்களூரு, ஹைதராபாத்னு போயிடுவோம். அப்புறம் அப்பா அம்மா சென்னைக்கு வர்றதுக்குக் காரணமே இருக்காது. ஆஸ்பத்திரியைத் தவிர.

எங்க பெரியப்பா கான்வகேஷனுக்கு வர்றதா சொல்லியிருக்கார். முட்டு வலின்னு வேண்டாம்னவர்தான், அப்பா பேசிச் சம்மதிக்க வச்சிருக்கார். நான் வீல்சேர் கிடைக்குமான்னு மியூசியத்துல விசாரிக்கப் போறேன். சாயங்காலம் கடல்.