படுக்கைப் புண்ணும் பதினாறு பக்கமும்

நர்ஸ் என்றதும் நமக்கு இரண்டு விஷயங்கள்தான் ஞாபகம் வரும். ஒன்று, ஊசி. இன்னொன்று, 'விசிட்டர்ஸ் எல்லாம் வெளியே போங்க' என்கிற அதட்டல். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர்கள் மண்டைக்குள் என்ன ஓடுகிறது? என் அக்கா மகள் பி.எஸ்ஸி. நர்ஸிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அவளைக் கேட்டேன்.

"நர்ஸிங் பிராசஸ், மாமா" என்றாள்.

ஐந்து படிகள். நோயாளியைப் பார்த்து, கேட்டு, தொட்டு விவரம் சேகரிப்பது. பிரச்னை என்னவென்று தீர்மானிப்பது. திட்டம் போடுவது. செய்வது. செய்தது பலித்ததா என்று மறுபடி போய்ப் பார்ப்பது. 1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் உருவான முறை. 1961-ல் ஐடா ஜீன் ஒர்லாண்டோ என்ற அம்மையார் எழுதிய புத்தகம் இதற்கு முக்கியமான அஸ்திவாரம். நீயாக ஊகிக்காதே, நோயாளியிடமே கேட்டு ஊர்ஜிதம் செய்துகொள் என்பது அவர் கட்சி.

"பிரச்னை என்னன்னு டாக்டர்தானே சொல்லணும்?"

"எல்லாரும் அதான் கேக்கறாங்க. டாக்டர் வியாதியைச் சொல்வார். அந்த வியாதி அந்த ஆளை என்ன பாடு படுத்துதுன்னு நாங்க சொல்லணும்."

உதாரணமாக, பக்கவாதத்தில் படுத்துவிட்ட பெரியவர். டாக்டர் சீட்டில் 'ஸ்ட்ரோக்'. நர்ஸ் நோட்டில் 'அசைய முடியாததால் படுக்கைப் புண் வரும் அபாயம்'. திட்டம்: இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது. கடைசிப் படி: முதுகு சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. சிவந்திருந்தால் திட்டத்தை மாற்று!

கேட்க எத்தனை சுலபமாக இருக்கிறது! கஷ்டம் எழுதுவதில் இருக்கிறது. நோயாளி "நெஞ்சுல சளி கட்டிக்கிட்டு வெளிய வரமாட்டேங்குது தாயி" என்பார். அதை 'இன்எஃபெக்டிவ் ஏர்வே க்ளியரன்ஸ்' என்று ஆரம்பித்து, 'ரிலேட்டட் டு', 'அஸ் எவிடென்ஸ்டு பை' எல்லாம் கோத்து எழுத வேண்டும். இதற்கென்றே 'நாண்டா' என்று ஒரு சர்வதேசப் பட்டியல் உண்டு. தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகள் நோயாளியைப் புரிந்துகொள்கிறார்கள், பட்டியல்தான் புரிவதில்லை.

அடுத்தது, நேரம். அவள் போஸ்டிங் போன ஒரு வார்டில் ராத்திரி ஒரே நர்ஸ் முப்பது பேரைப் பார்த்தாராம். அவரிடம் போய் ஐந்து படி பேசினால், "அதெல்லாம் பரீட்சைக்குப்பா. போய் பி.பி. பாரு" என்பார். அவர் மேல் தப்பில்லை. முப்பது முதுகுக்கு இரண்டு கைதானே!

மூன்றாவது, மார்க். ஒரு நோயாளிக்குப் பதினாறு பக்க கேர் ப்ளான். முந்தின ராத்திரியே ஹாஸ்டலில் உட்கார்ந்து ஐந்தாவது படியையும் எழுதிவிடுகிறார்களாம்: 'நோயாளி நன்றாக உறங்கினார்'. அந்த மனுஷர் வார்டில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருப்பார்!

நம் ஆபீஸ் ஃபைல்களும் இந்த ஜாதிதான் என்பதால் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டினதா சார்ட்ல இருந்துது மாமா. திருப்பிப் பார்த்தா, தாத்தாவுக்கு முதுகுல உள்ளங்கை அகலம் சிவப்பு. மேடம்கிட்ட சொன்னேன். 'முதல்ல ரெக்கார்டை முடி'ன்னாங்க."

முடிக்கவில்லை. பெரியவரின் மகனுக்குப் புரட்டக் கற்றுக்கொடுத்தாள். போஸ்டிங் முடிகிற வரை டியூட்டிக்கு வந்ததும் முதல் வேலையாக முதுகைப் பார்த்தாள். நாலாம் நாள் சிவப்பு மங்கியது. ரெக்கார்டுக்கு இருபதுக்குப் பதினொன்று.

நர்ஸிங்குக்கு இலக்கணம் சொன்ன வர்ஜீனியா ஹெண்டர்சனே, 1982-ல், இந்த முறைக்கு இந்தப் பெயர் பொருத்தம்தானா என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். பெயர் என்னவானால் என்ன? முதுகைத் திருப்பிப் பார்க்கிறவர் வேண்டும். அதற்கு மார்க் போடுகிற வாத்தியாரும் வேண்டும்.

நம் பங்கும் கொஞ்சம் உண்டு. நாளைக்கே அப்பாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு பெண், பையனாகவும் இருக்கலாம், நோட்டுடன் வந்து "தூங்கினாரா? வெளிக்குப் போனாரா? எங்கே வலிக்குது?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்கும். "இப்பத்தானே சொன்னேன்" என்று எரிந்து விழாதீர்கள். அது ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதாமல், நேரில் வந்து கேட்கிற பிள்ளை. பதில் சொல்லுங்கள்.