தலையெழுத்தும் மூளையும்

நம் நாட்டில் ஒரு மனிதனுக்கு நேரும் கஷ்டத்திற்குக் காரணம் என்னவென்று கேட்டால், படித்தவர் முதல் பாமரர் வரை அநேகமாக எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடும் பதில் ஒன்று இருக்கின்றது. அதுதான் "தலையெழுத்து" என்பது. பிள்ளைக்குப் படிப்பு வரவில்லையென்றால் தலையெழுத்து; ஒரு பெண் புத்தி பேதலித்துப் பிதற்றினால் தலையெழுத்து; ஒருவன் நடுத்தெருவில் வலிப்பு வந்து விழுந்தால் அதுவும் தலையெழுத்து. இவ்வெழுத்தை எழுதினவர் பிரம்மா என்றும், எழுதின இடம் மண்டையோடு என்றும், சந்தேகமுள்ளவர்கள் சுடுகாட்டில் கிடக்கும் ஒரு மண்டையோட்டை எடுத்துப் பார்த்தால் கிறுக்கல் கிறுக்கலாக அவ்வெழுத்து தெரியும் என்றும் சொல்லுவார்கள்.

மண்டையோட்டில் கோடுகள் இருப்பது உண்மையே. ஆனால் அது எழுத்தல்ல, தையல். மண்டையோடு என்பது ஒரே எலும்பல்ல. பல எலும்புகள் பல்லும் பல்லுமாக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பதே மண்டையோடு. குழந்தை பிறக்கும்போது இவ்வெலும்புகள் நன்றாகச் சேராமலிருப்பதால்தான் தலை சற்று ஒடுங்கிப் பிரசவ வழியில் வெளிவர முடிகின்றது. பிறந்த பின்பு மூளை வளருவதற்கும் அதனால்தான் இடம் கிடைக்கின்றது. குழந்தையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்த ஒவ்வொரு தாயும் இதை அறிவாள். இதே கோடுகள் ஆட்டின் மண்டையிலும் நாயின் மண்டையிலும் இருக்கின்றன. அப்படியானால் பிரம்மா ஆட்டுக்கும் உட்கார்ந்து எழுதினாரா? கசாப்புக் கடைக்குப் போகவேண்டும் என்பதைத் தவிர ஆட்டுக்கு எழுதுவதற்கு வேறு என்ன இருக்கின்றது?

நிற்க, மண்டையோட்டின் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று மனிதன் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் நம்முடைய நடத்தை, குணம், நினைவு, பித்து ஆகியவைகளைப் பற்றிய உண்மை சிறிது சிறிதாக வெளிவரலாயிற்று. உள்ளே இருப்பது சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை. உடம்பின் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான் என்றாலும், உடம்பு செலவழிக்கும் சக்தியில் நூற்றுக்கு 20 பங்கை இதுவே எடுத்துக்கொள்ளுகிறது. இதில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நரம்புகள் தனித்தனி அணுக்களாலானவை என்பதை ஸ்பெயின் தேசத்து ராமோன் இ காஹால் என்பவர் பூதக்கண்ணாடி வழியே கண்டு படம் வரைந்து நிலைநாட்டினார். அதற்காக அவருக்கும், அணுக்களுக்குச் சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்த இத்தாலியரான கோல்ஜிக்கும் 1906இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது மந்திரத்தாலல்ல. மின்சாரத்தாலும் ரசாயனப் பொருள்களாலுமேயாகும். 1921இல் ஆட்டோ லோவி என்பவர் இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்து, ஒன்றின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறையச் செய்தார். பிறகு அவ்விருதயம் இருந்த திரவத்தை எடுத்து மற்ற இருதயத்தின் மேல் விட்டார். அதன் நரம்பை யாரும் தொடாமலே அதுவும் மெதுவாகத் துடிக்கத் தொடங்கிற்று. நரம்பு தன் செய்தியை ஒரு ரசாயனப் பொருளின் மூலம் அனுப்புகிறது என்பது இதனால் ருஜுவாயிற்று. 1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனிதனுடைய தலையின் மேலிருந்தபடியே மூளையின் மின்சார அலைகளைப் பதிவு செய்து, 1929இல் அதை வெளியிட்டார். இன்று எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் அவ்வலைகளைக் காகிதத்தில் பார்க்கலாம். பிரம்மாவின் எழுத்தைப் படித்தவன் ஒருவனுமில்லை. இந்த எழுத்தையோ பயின்ற எவரும் படிக்கலாம். ஒருவர் படித்ததை மற்றொருவர் சரிபார்க்கலாம்.

"மூளை வேலை செய்யலாம், ஆனால் மனிதனுடைய குணமும் புத்தியும் ஆத்மாவைச் சேர்ந்தவையல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு நாம் 1848ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லுகின்றோம். பினியஸ் கேஜ் என்பவர் வெர்மான்ட் மாகாணத்தில் ரயில் பாதைக்காகப் பாறைக்கு வெடிவைக்கும் கூட்டத்தின் மேஸ்திரி. செப்டம்பர் 13ந் தேதி மருந்து திடீரென்று வெடித்து, ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் 6 கிலோ எடையுமுள்ள இரும்புக் கடப்பாரை அவருடைய கன்னத்தின் கீழே புகுந்து மண்டையின் மேலே வெளியேறிற்று. ஆள் சாகவில்லை, பேசினார், நடந்தார். ஆனால் அதுவரை நிதானமும் பொறுப்பும் உள்ளவராயிருந்தவர், அதன் பிறகு முரடராயும், வாய்க்கு வந்ததைப் பேசுகிறவராயும், எடுத்த யோசனையில் நிற்காதவராயும் மாறிவிட்டதாக அவருக்கு வைத்தியம் செய்த டாக்டர் ஹார்லோ எழுதி வைத்திருக்கிறார். அவர் பின்னால் சில வருஷங்கள் சில்லி தேசத்தில் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதையும் சொல்லவேண்டும். அதாவது, கெட்டுப்போன குணம் ஓரளவு திருந்தவும் கூடும். ஆனால் நாம் கேட்பதென்னவென்றால், எந்த ஆயுதமும் தீண்டாதது என்று சொல்லப்படும் ஆத்மாவில் குணம் இருந்திருக்குமானால், இரும்புக் கடப்பாரை அதை எப்படி மாற்றிற்று?

1861இல் பாரிஸில் டாக்டர் புரோகா, "டான்" என்ற ஒரே சப்தத்தைத் தவிர வேறொன்றும் பேசமுடியாத ஒருவரை, அவர் இறந்தபின் சோதித்துப் பார்த்தார். மூளையின் இடது பக்க முன்பகுதியில் ஓரிடம் பழுதாயிருந்தது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக மூளையின் இரு பக்கத்திலும் உட்புறத்திலிருந்த ஒரு பாகத்தை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் 2008இல் சாகிற வரையில் புதிதாகச் சந்தித்தவர்களையும் நடந்தவைகளையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பழைய நினைவு பெரும்பாலும் இருந்தது, பேச்சு இருந்தது, புத்தி இருந்தது, புதிய நினைவு மட்டும் தங்கவில்லை. பேச்சுக்கு ஓரிடம், நினைவைப் பதிப்பதற்கு ஓரிடம் என்பது இப்படித்தான் மனிதனுக்குத் தெரியவந்தது.

இதற்கு ஆஸ்திகர்கள் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். மூளை வீணை, ஆத்மா அதை வாசிக்கும் வித்துவான். வீணை உடைந்தால் பாட்டு கெடும், வித்துவான் கெடமாட்டான் என்பது அது. மூளையை மின்சாரத்தால் தூண்டி ஆராய்ந்த கனடா தேசத்துப் பெரிய நிபுணர் பென்பீல்டும் தமது கடைசிக் காலத்தில், மனம் மூளைக்கு வேறானதாக இருக்கலாம் என்றே எழுதினார். பெரியவர் சொன்னார் என்பதற்காக நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. வீணையின் தந்தி அறுந்தால் வித்துவானுக்குக் கோபம் வரலாம். ஆனால் நேற்றைய தினம் நடந்ததை அவன் மறந்துபோவானா? பக்தன் போக்கிரியாகிவிடுவானா? ஒரு கோப்பைச் சாராயம் உள்ளே போனால் பேச்சு மட்டுமா குழறுகிறது? வெட்கமும் பயமும் நிதானமுமே போய்விடுகின்றனவே! குணம் வீணையைச் சேர்ந்தது, நினைவு வீணையைச் சேர்ந்தது, புத்தி வீணையைச் சேர்ந்தது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் வித்துவானுக்கென்று மிஞ்சுவது என்ன? உணர்வு எவ்வாறு எழுகின்றது என்பதற்கு விஞ்ஞானம் இன்னும் முடிவான விடை கூறவில்லை என்பது மெய்யே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு மேலே ஆராய்வது அறிவு. தெரியாத இடத்திலெல்லாம் ஓர் ஆத்மாவை உட்காரவைத்துவிட்டுத் தூங்கப் போவது அறிவாகுமா?

இதெல்லாம் வெறும் தர்க்கமென்று யாரும் நினைத்துவிடக்கூடாது. இதில் மனித உயிர்கள் அடங்கியிருக்கின்றன. காக்கை வலிப்பையே எடுத்துக்கொள்ளுவோம். மூளையணுக்களில் ஒரு கூட்டம் கட்டுக்கடங்காமல் ஒரே சமயத்தில் மின்சாரத்தைக் கிளப்புவதே அது. இந்நோய் மற்ற நோய்களைவிடத் தெய்வீகமானதல்ல என்று சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்பே கிரேக்க தேசத்து ஹிப்பாக்ரட்டீஸ் வழி வந்த வைத்தியர்கள் எழுதிவிட்டார்கள். நாமோ இன்னும் விழுந்தவன் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கின்றோம். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, அந்தப் பெருமை சாவிக்குப் போய்ச் சேருகின்றது. நோயாளி வைத்தியரிடம் போகாமலே நின்றுவிடுகின்றான்.

உலகத்தில் சுமார் 5 கோடி பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், சரியான வைத்தியம் கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரையில் வலிப்பே இல்லாமல் வாழ முடியுமென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. 1912 முதல் வழங்கிவரும் மலிவான மருந்துகூட இருக்கின்றது. அப்படியிருந்தும் இந்நோயுள்ள பெண்ணை நம்மவர்கள் என்ன பாடுபடுத்தினார்கள்! 1976இல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிக்கடி வலிப்பு வருகிறவர்கள் கல்யாணத்திற்குத் தகுதியற்றவர்கள் என்று எழுதிச் சேர்த்தார்கள். அந்த வார்த்தையை எடுத்தெறிய 1999 வரை 23 வருஷங்கள் வேண்டியிருந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து போயிற்றே தவிர, பெண் பார்க்கப் போகிறவர்களின் மனதிலிருந்து போயிற்றா?

பித்துப் பிடித்தவர்களின் கதி இதைவிடக் கேவலமானது. 2001 ஆகஸ்ட் 6ந் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், பேய் பிடித்தவர்களென்றும் பித்தரென்றும் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் இருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. ஓடமுடியாதபடி சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களில் 28 பேர் வெந்து மடிந்தார்கள். அவர்களைக் கொன்றது நெருப்பா, சங்கிலியா, அல்லது மூளையின் நோயைப் பேயின் சேஷ்டை என்று நம்பிய நம்பிக்கையா? கோயிலானாலும் தர்காவானாலும் மாதா கோயிலானாலும் நாம் கேட்பது ஒன்றே. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கின்றது. சங்கிலியைச் சட்டம் அவிழ்க்கலாம். பேயை அறிவுதானே அவிழ்க்கவேண்டும்?

இத்தனைக்கும் நமக்கு வழி தெரியாமலில்லை. பென்பீல்டிடம் பயிற்சி பெற்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரில் மூளை, நரம்பு வைத்தியப் பிரிவை ஆரம்பித்தார். இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. மறுவருஷம் டாக்டர் ராமமூர்த்தி சென்னையில் தொடங்கினார். சென்னை ஐ.ஐ.டி.யிலுள்ள மூளை ஆராய்ச்சி நிலையம் 2024இல், கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 மெல்லிய சீவல்களாகப் படமெடுத்து உலகத்தார் யாரும் பார்க்கும்படி வெளியிட்டது. வேலூருக்கு ரயிலேறுகிற செலவைவிடப் பேயோட்டுகிற செலவு அதிகம் என்பதைக் குடும்பஸ்தர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

மற்றொரு விஷயத்திலும் நாம் ஜாக்கிரதையாயிருக்கவேண்டும். பிரம்மாவின் தலையெழுத்தை அழித்துவிட்டு, விஞ்ஞானத்தின் பேரால் வேறொரு தலையெழுத்தை எழுதப் பார்க்கிறவர்கள் எப்போதும் உண்டு. பேச்சின் இடத்தைக் கண்ட அதே புரோகா, பெண்களின் மூளை எடை குறைவாயிருப்பதைக் காட்டி அவர்களுக்குப் புத்தியும் குறைவென்று நினைத்தார். உடம்பின் அளவுக்குத் தக்கபடி மூளையும் இருக்கும் என்பதை அவர் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை. ருஷிய எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2,012 கிராம். பிரெஞ்சு எழுத்தாளர் அனதோல் பிரான்ஸின் மூளை 1,017 கிராம். பாதி மூளை வைத்திருந்த பின்னவர்தான் 1921இல் நோபல் பரிசு வாங்கினார்! 1901ஆம் வருஷத்து ஜனக்கணக்குக்குத் தலைவராயிருந்த ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அளந்து ஜாதியின் உயர்வு தாழ்வை நிர்ணயிக்கப் பார்த்தார். நல்லவேளையாக அந்த மூக்குச் சாஸ்திரம் செத்துப்போயிற்று. ஆனால் "அவாளுக்குப் பிறவியிலேயே மூளை" என்கிற பேச்சு சாகவில்லை.

மூளை பிறவியிலேயே முடிந்துபோன சரக்கல்ல என்பதுதான் ஆராய்ச்சி காட்டும் பெரிய உண்மை. கர்ப்ப ஸ்திரீக்கு அயோடின் போதாவிட்டால் பிள்ளையின் புத்தி மந்தப்படுகின்றது. உப்பில் சேர்க்கும் ஒரு சிட்டிகைப் பொருள் அதைத் தடுத்துவிடுகின்றது. ருமேனியா தேசத்தில் அநாதை விடுதிகளில் கிடந்த 136 குழந்தைகளைப் பற்றி 2000 முதல் ஓர் ஆராய்ச்சி நடந்தது. சீட்டுப் போட்டதுபோல் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். அப்படி வளர்ந்தவர்களின் அறிவும் மூளை அலைகளும் விடுதியில் இருந்தவர்களைவிட மேலாக வந்தன. அதிலும் இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களே அதிக நன்மையடைந்தார்கள். ஆகவே உணவையும் அன்பையும் பள்ளிக்கூடத்தையும் ஒரு கூட்டத்துக்குத் தலைமுறை தலைமுறையாக மறுத்துவிட்டு, பிறகு அவர்களைப் பார்த்து "மூளையில்லை" என்பது, காலை ஒடித்துவிட்டு நொண்டி என்று பரிகாசம் செய்வதற்கு ஒப்பாகும்.

எனவே நாம் சொல்லுவதென்னவென்றால், மூளையைப் பற்றிய இவ்வறிவு ஆஸ்பத்திரிக்குள்ளும் கலாசாலைக்குள்ளும் அடைபட்டுக் கிடக்கக்கூடாது. ஆரம்பப் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்கு இது சொல்லிக் கொடுக்கப்படவேண்டும். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கவேண்டும். வாயில் எதையும் திணிக்கக்கூடாது. ஐந்து நிமிஷத்திற்குமேல் நிற்காவிட்டால் உடனே வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு மந்திரமும் வேண்டாம், சாவியும் வேண்டாம். தலையெழுத்தை எழுதினவன் பிரம்மா என்று நம்பினவரைக்கும் அதைத் திருத்தும் பொறுப்பு நமக்கில்லையென்று இருந்துவிட்டோம். அதில் பெரும்பங்கை எழுதுவது நாம் போடும் சோறும், நாம் கொடுக்கும் படிப்பும், நாம் நடத்துகிற விதமுமே என்று தெரிந்த பின்பும் அப்படியே இருந்துவிடப் போகிறோமா என்பதே எங்கள் கேள்வி.