டாக்டரய்யாவிடம் உண்மையைச் சொல்வோம்

முதல் பாடவேளையிலேயே பிள்ளைகள் மேசையில் தலையை வைத்துத் தூங்குவதைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களாகிய நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பிள்ளை வாரக்கணக்கில் இப்படித் தூங்கியது. முதலில் அதட்டினோம், பிறகுதான் கூப்பிட்டு விசாரித்தோம். "அப்பா ராத்திரியில தூங்க மாட்டாரு சேர். எந்திரிச்சு எந்திரிச்சு இஸ்தோப்புக்குப் போவாரு. கதவ தொறந்து தொறந்து மூடுவாரு" என்றது பிள்ளை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒருவர் தூங்காவிட்டால் மற்ற ஐந்து பேரும் தூங்க முடியாது.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்து வேலை செய்யும் அந்தத் தோழரைப் போய்ப் பார்த்தோம். தன் கதையை மற்றவர்களுக்குச் சொல்ல அவரே சம்மதித்தார். பெயரும் தோட்டமும் வேண்டாம் என்றார். அதன்படியே எழுதுகிறோம்.

அவருக்குத் தூக்கம் போனது ஒரு மழைக்காலத்தில். அவருடைய லயம் சரிவில் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, மழை இரவுகளில் நம்மில் பலர் காதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படுக்கிறோம். அதோடு கடன். அதோடு கவ்வாத்துக் கத்தி வீசி வீசி வந்த தோள் வலி. ஒரு நாள் கூட்டாளி ஒருவர், "இத இழுத்துட்டுப் படு, கல்லு மாதிரி தூங்குவ" என்று ஒரு கஞ்சா பீடியைக் கொடுத்தார். உண்மையிலேயே அன்று தூக்கம் வந்தது. முதல் மாதம் ஒன்று போதுமாக இருந்தது. மூன்றாம் மாதம் இரண்டு, பிறகு மூன்று. கிடைக்காத நாளில் கண்ணே மூடாது. மூடினாலும் கெட்ட கனவு, வியர்வை, வீட்டில் எல்லோர் மீதும் எரிச்சல். "எனக்கு இருக்கிற தூக்க வியாதிக்கு இதுதான் மருந்து" என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார்.

மனைவி வற்புறுத்தியதால் வைத்தியரிடம் போனார். "குடி, புகை, வேறு ஏதாவது பழக்கம் உண்டா?" என்று கேள்வி வந்தது. "ஒன்னுமில்லீங்க டாக்டரய்யா." தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரவில் மாத்திரையையும் போட்டு, கஞ்சாவையும் இழுத்தார். சில நாட்கள் கழித்து, காலையில் தலை கிறுகிறுப்போடு மலைக்குப் போனவர் கவ்வாத்துக் கத்தியால் தன் இடது கையையே வெட்டிக்கொண்டார். நரம்பைத் தைக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அங்கேயும் அதே கேள்வி வந்தது. தமிழ் தெரிந்த தாதி ஒருவர் பக்கத்தில் வந்து, "இது உங்களைப் பிடிச்சுக் கொடுக்க இல்ல. மருந்தோட அளவு இதை வச்சுத்தான்" என்றார். அப்போதுதான் சொன்னார். யாரும் திட்டவில்லை. பொலிஸும் வரவில்லை. மாத்திரை, கஞ்சா, தோள் வலி, கடன், மழைப் பயம் எல்லாம் முதல் தடவையாக ஒரே கிளினிக் கொப்பியில் ஏறின.

அந்த உண்மையை முதல் வைத்தியரிடமே சொல்லியிருந்தால் கை தப்பியிருக்கும். அதே நேரம், அவர் பொய் சொன்னதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்லவும் எங்களால் முடியவில்லை.

அவர் ஏன் மறைத்தார் என்று கேட்டோம். நான்கு காரணம் சொன்னார். பின்னால் வரிசையில் பக்கத்து லயத்துக்காரர் நின்றார். தோட்டத்து டாக்டரய்யாவுக்குச் சம்பளம் கொடுப்பது கம்பனி, விஷயம் துரைக்குப் போகும் என்று நினைத்தார். கேட்டவருக்குத் தமிழ் அரைகுறை, இவருக்குச் சிங்களம் அரைகுறை. நான்காவது பொலிஸ் பயம். இந்தப் பயம் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால் நம் பாதைகளில் பொலிஸ் நாய்கள் பையையெல்லாம் மோந்து பார்ப்பதைக் காண்கிறோம். 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியபோது, சோதனையும் கைதும் எப்படி நடந்தன என்று நாடே பார்த்தது. 1929ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி கஞ்சா வைத்திருப்பது குற்றம்தான். அதை நாங்கள் மறைக்கவில்லை.

ஆனால் சோதனைச் சாவடி வேறு, வைத்தியரின் மேசை வேறு. நோயாளி சொல்வதை இரகசியமாக வைத்திருப்பது வைத்தியத் தொழிலின் ஒழுக்கம். ஒருவருடைய உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற நிலைமைகளில்தான் அதற்கு விலக்கு. சந்தேகமாக இருந்தால் முதலிலேயே கேட்கலாம்: "டாக்டர், நான் சொல்றது நமக்குள்ளேயே இருக்குமா?" அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. ஒரு விஷயம் மட்டும்: உண்மையை வாயில் கொண்டு போங்கள், பொருளைச் சட்டைப் பையில் கொண்டு போகாதீர்கள்.

"அந்தக் காலத்தில் முனியாண்டிக்கே சாராயமும் சுருட்டும், சில இடத்தில் கஞ்சாவும் படைத்தோமே, வெளிநாட்டில் இதை மருந்தாகவே கொடுக்கிறார்களே" என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். படைத்தது வருடத்துக்கு ஒரு நாள். இது தினம் தினம். கனடாவில் 2018ஆம் ஆண்டு கஞ்சா சட்டபூர்வமானது உண்மை. ஆனால் அங்கேயும் அதைப் பாவிப்பவர் வைத்தியரிடம் சொன்னால்தான் மற்ற மருந்துகளை அவர் சரியாகக் கொடுக்க முடியும். சட்டம் மாறினாலும் உடம்பு மாறாது.

உடம்பில் நடப்பது இதுதான். கஞ்சா ஆரம்பத்தில் சீக்கிரம் தூங்க வைக்கும். தினமும் பாவித்தால் உடம்பு பழகிவிடும், அளவு கூடும். கனவு வரும் தூக்கத்தை அது அமுக்கி வைக்கிறது. நிறுத்தியதும் அமுங்கியது திரும்பி வரும்: கனவு, வியர்வை, எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை. இது முதல் வாரத்தில் கடுமையாக இருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தணியும். தூக்கக் குழப்பம் மட்டும் சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கும். இதைத் தெரியாதவர் "விட்டால் தூக்கம் வராது, எனக்கு இது தேவை" என்று நினைத்து மறுபடி தொடங்குகிறார். நம் தோழருக்கு நடந்தது இதுவே. தூக்க மாத்திரையோடும் சாராயத்தோடும் சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும். மலைச் சரிவிலும் ஸ்டோர் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் அந்த மயக்கம் கையையோ உயிரையோ எடுக்கும். தினமும் பாவிப்பவருக்கு அறுவைச் சிகிச்சையில் மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம். கர்ப்பிணிகள் பாவித்தால் பிள்ளையின் எடை குறையலாம். இளம் பிள்ளைகளில் சிலருக்கு அது மனநோய்க்கு வழி திறக்கும். கடையில் நாட்டு மருந்து என்று விற்கும் மதன மோதகத்திலும் கஞ்சா இருக்கிறது. அதைச் சாப்பிடுவதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தூக்கம் போவதற்குப் பின்னால் வேறு நோய் இருக்கலாம், கஞ்சா அதை மூடி வைத்துவிடும். இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழும்புவது சீனி வியாதியாக இருக்கலாம். கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு இரவில் வரும் கால் குடைச்சல் இரும்புச் சத்துக் குறைவால் வரலாம். பலத்த குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும் தனி நோய். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது மனச்சோர்வாக இருக்கலாம். இரவு எட்டு மணிக்குக் குடிக்கும் சாயத்தண்ணியும் தூக்கத்தைக் கெடுக்கும். தேயிலை பறிக்கும் நமக்கே அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! ஆண்கள் கஞ்சாவை மறைக்கிறார்கள் என்றால், பெண்கள் தூங்காததையே மறைக்கிறார்கள். நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டும் ஒருவரிடம் "தூங்கினீங்களா?" என்று கேட்பவர் யார்?

ஆகவே வைத்தியரிடம் போகும் முன் ஒரு வாரம் ஒரு பழைய கொப்பியில் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை தடவை விழித்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், அன்று என்ன குடித்தீர்கள், என்ன இழுத்தீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள். எழுத முடியாதவர்களுக்குப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். குடி, கஞ்சா விஷயத்தை மட்டும் பிள்ளை கையில் விடாமல் நீங்களே மனதில் வைத்துப் போய்ச் சொல்லுங்கள். அங்கே நீட்டிப் பேசத் தேவையில்லை. "டாக்டர், மூணு மாசமா வாரத்துல நாலு நாளு தூக்கமில்ல. தூங்குறதுக்காகக் கஞ்சா பாவிக்கிறேன். ஒரு நாளைக்கு இவ்வளவு. விட்டா தூக்கமே வரல. விடணும்னு இருக்கு, எப்படி விடுறது?" என்று சொன்னால் போதும். விட விருப்பமில்லாதவரும் பாவிக்கிற அளவையாவது சொல்ல வேண்டும். வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் மூன்று மாதம் தூக்கம் கெட்டிருந்தால் அது நாட்பட்ட நோய். "தன்னால சரியாகும்" என்று இருக்கக் கூடாது.

மருந்து என்றால் மாத்திரை மட்டும் அல்ல. நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் சிகிச்சை என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழும்புவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்கார்வது, பகலில் நீண்ட நேரம் தூங்காமல் இருப்பது, படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது எல்லாம் அதில் அடங்கும். கடைசியைப் படித்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆறு பேர் இருக்கும் காம்பராவில் படுக்கைதான் பிள்ளையின் மேசை, அதுதான் சாப்பாட்டு இடம், அதுதான் விருந்தாளியின் நாற்காலி. அதனால்தான் தனி வீடு கேட்பது ஆடம்பரக் கோரிக்கை அல்ல, சுகாதாரக் கோரிக்கை என்கிறோம். வீடு வரும்வரை, எழும்பும் நேரத்தை ஒழுங்காக்குவதையாவது இன்றே தொடங்கலாம்.

தோட்டத்து வைத்தியரிடம் சொல்லத் தயக்கம் என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்கு நேரடியாகப் போகலாம். சிகிச்சை இலவசம். பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் உண்டு. தூக்கமின்மைக்காக அங்கே போகிறவர் "பைத்தியம்" அல்ல. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

தொழிலாளியிடம் உண்மையைக் கேட்கிற நாங்கள், சங்கத்திடமும் நிர்வாகத்திடமும் சிலவற்றைக் கேட்க வேண்டும். நோயாளியோடு பேச மறைவான இடம், ஒரு திரைச்சீலையாவது, ஒவ்வொரு தோட்ட வைத்தியசாலையிலும் வேண்டும். நோயாளி சொன்னது துரையின் மேசைக்குப் போகாது என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. அப்படியானால் நம் உடம்பைப் பற்றி நம் மொழியில் பேச ஆஸ்பத்திரியில் ஆள் வேண்டும். அதுவரை, நோயாளி விரும்பினால், நம்பிக்கையான ஒருவரைக் கிளைத் தலைவரோ மாதர் அணித் தலைவியோ கூட அனுப்ப வேண்டும். கிளினிக் போகும் நாளில் பேர் வெட்டுவது நிற்க வேண்டும். டிக்கோயாவுக்குப் பஸ் ஏறிப் போய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடுகிறது. ஒரு நாள் சம்பளமா, உண்மையா என்று கேட்டால் ஏழை எதைத் தெரிவு செய்வான்?

நமக்குள்ளும் ஒரு திருத்தம் தேவை. கூட்டத்தில் ஒருவர் "எனக்குத் தூக்கமில்லை" என்றால் சிரிக்கிறோம். "கஞ்சாக்காரன்" என்று பட்டம் கட்டுகிறோம். பட்டத்துக்குப் பயந்தவன் வைத்தியரிடமும் வாய் திறக்க மாட்டான். கஞ்சா விற்றுப் பிழைப்பவனைப் பற்றி நாம் பேசுவது வேறு. தூக்கத்துக்காக அதைத் தேடிப் போனவன் நம் தோழன், நோயாளி.

அந்தத் தோழர் கஞ்சாவை ஒரே நாளில் விட்டுவிடவில்லை. இரண்டு தடவை விட்டார், இரண்டு தடவை திரும்பிப் போனார். ஒவ்வொரு தடவையும் கிளினிக்கில் அதைச் சொன்னார். இப்போது தோள் வலிக்கு வைத்தியம் நடக்கிறது. கடன் விஷயத்தைச் சங்கக் கிளை பேசிக்கொண்டிருக்கிறது. கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. மழை இரவுகளில் இன்னும் விழித்துத்தான் இருக்கிறார். மற்ற இரவுகளில் நாலைந்து மணி நேரம் தூங்குகிறார்.

பிள்ளை இப்போது முதல் பாடவேளையில் விழித்திருக்கிறது.